கூரையைப் பிரித்த குங்குமம்

1

எங்கள் ஆய்வகத்தின் கூரையை நேற்றுக் காலை பிரிக்கத் தொடங்கினார்கள். வெள்ளை உடுப்பும் முகமூடியும் அணிந்த நான்கு பேர் வந்து, ஜிப்சம் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மூலைக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தார்கள். எங்கள் ஊரில் சாவு எடுப்பதைக்கூட இவ்வளவு அமைதியாகச் செய்ய மாட்டார்கள். கூரை ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவன் நான். அதை என் மேலதிகாரியிடம் நேரிலேயே சொல்லியும் விட்டேன். அவர் பெருந்தன்மையோடு மறுத்துவிட்டார்.

கோலார் தங்க வயலில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காகவும் நியாயமாகவும் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. லீவில் வரும்போது நானும் அதைக் கெடுப்பதில்லை. சாக்லேட்டோடு சேர்த்து அதையும் கொஞ்சம் விநியோகித்துவிட்டு வருகிறேன். இந்த முறை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். ஏனென்றால் கூரை போனதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. என் ஒரே மகள் கிளாரா இந்த மாதக் கடைசியில் படிப்பதற்காக வீட்டை விட்டு ஹாம்பர்க் போகிறாள். ஜெர்மனியின் தெற்குக் கோடியில் இருக்கும் எங்கள் சிற்றூரிலிருந்து பார்த்தால் ஹாம்பர்க் வடக்குக் கோடி. போவதற்குள் அவளோடு ஒரு முறையாவது மனம் விட்டுப் பேசிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

2

ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா வேல பாக்கிறப்பா அங்க?" நான் உண்மையைத்தான் சொல்கிறேன். கரி பூசுகிற வேலை.

"கரி பூசறதுக்கா அம்மாந்தூரம் போன?" என்று தங்க வயலில் எங்கள் நந்திதுர்க் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என்னிடம் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவர் பரிதாபப்பட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

விஷயம் இதுதான். கடுகைவிடச் சிறிய பற்சக்கரங்கள் எங்களிடம் வருகின்றன. அவை ஒரு குட்டி பம்ப்புக்குள் போகும். அந்தப் பம்ப் நோயாளியின் உடம்புக்குள் இருந்துகொண்டு சொட்டுச் சொட்டாக மருந்து விடும். சக்கரம் உரசித் தேய்ந்தால் மருந்து நின்றுவிடும். எண்ணெய் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். நம் ஊர் சுரங்கத்தில் எதற்கெடுத்தாலும் கிரீஸை வாளி வாளியாக அப்பியவர்கள் நாம். ஆனால் இவ்வளவு சின்னதாகப் போய்விட்டால் பொருளுக்குக் கனமே இருக்காது, ஒட்டுகிற குணம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அந்தச் சக்கரம் வெல்லப் பாகில் விழுந்த எறும்பாகிவிடும்.

அதனால் எண்ணெய்க்குப் பதில் கரி. வைரமும் கரிதான், பென்சில் முனையும் கரிதான். நாங்கள் பூசுவது இரண்டுக்கும் நடுவில் ஒன்று, தேயாமலும் இருக்கும், வழுக்கவும் செய்யும். ஒரு பெரிய ஸ்டீல் கலத்துக்குள் சக்கரங்களை வைத்து, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே ஊதா நிறத்தில் ஒளிரும். கரி அணு அணுவாக வந்து படியும். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கரிக்கும் இரும்புக்கும் நேரடியாக ஒத்துவராது என்பதால் நடுவில் குரோமியத்தை ஒரு பூச்சு பூசி இரண்டையும் சேர்த்துவைக்கிறோம். அந்தச் சந்திப்பில் ஒரு விரல் ரேகை பட்டால்கூடப் போதும், மொத்தமும் உரிந்து வந்துவிடும்.

இன்னொரு விநோதமும் உண்டு. புதிதாகக் கரி பூசிய சக்கரம் முதலில் கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கும். நன்றாக உரசி, எதிர்ச் சக்கரத்தின் மேலும் கொஞ்சம் கரி ஒட்டிய பிறகுதான் இரண்டும் வழுக்கிக்கொண்டு ஓடும். இதில் ஏதோ தத்துவம் இருப்பதாக நான் ஒருமுறை வீட்டில் ஆரம்பித்தபோது, என் மனைவி ஜெயராணி குக்கரில் ஐந்தாவது விசில் வந்துவிட்டதா என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

3

உராய்வைக் குறைப்பது என் வேலை மட்டும் இல்லை. இந்த நாட்டுக்கே அதுதான் வேலை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிரைண்டர் சத்தம் பிடிக்கவில்லை. நந்திதுர்க்கில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே சுவர். சத்தம் பிடிக்காவிட்டால் சுவரில் ஓங்கி ஒரு குத்து விழும். நாங்களும் பதிலுக்கு ஒரு குத்து விடுவோம். அதற்கு மேலும் சூடு தணியவில்லை என்றால் இரண்டு வீட்டுப் பெண்களும் குழாயடியில் வைத்துக்கொள்வார்கள். மாலையில் அதே வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வரும். இங்கே அந்த மனிதர் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். அவர் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு ரோஜாச் செடிதான் இருக்கிறது. கடிதம் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று தொடங்கி, எங்கள் குடும்பத்துக்கு இனிய கோடைகால வாழ்த்துகளோடு முடிந்தது. மறுநாள் பார்த்தபோது சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னார். நானும் சிரித்தேன். வருஷங்களாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் காற்று வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஜெயராணி பங்காருபேட்டைக்காரி, இந்து. நான் கத்தோலிக்கன். மகளுக்கு எந்த ஊரிலும் எந்த வாயிலும் உரசாத பெயராக வேண்டும் என்று தேடிக் கிளாரா என்று வைத்தோம். சின்ன வயதில் அவள் உரசிக்கொண்டேதான் இருந்தாள். முக்கியமாக என் ஜெர்மனோடு. இந்த மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சாப்பாட்டு மேசையில் கைவைக்கவே பயமாக இருக்கும். நான் கரண்டியைப் பெண்ணாக்கினால் கிளாரா விழுந்து விழுந்து சிரிப்பாள், திருத்துவாள், மறுபடி சொல்லச் சொல்லுவாள், நான் வேண்டுமென்றே மறுபடி தப்பாகச் சொல்லுவேன்.

எந்த வருஷம் என்று தெரியவில்லை, அவள் திருத்துவதை நிறுத்திவிட்டாள். நான் என்ன தப்பாகச் சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறாள். பள்ளி எப்படி இருந்தது என்றால் "பாஸ்ட்" என்பாள். இந்தப் பக்கத்து ஜெர்மனில் 'எல்லாம் சரி' என்று அர்த்தம். சாப்பாடு பாஸ்ட். தலைவலி பாஸ்ட். நானும் என் பங்குக்கு அவள் எதைக் கேட்டாலும் "சரிமா, உன் இஷ்டம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பக்கத்து நகரத்திலேயே இருக்கும் படிப்பை விட்டுவிட்டு ஹாம்பர்க் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றும் அதையே சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் வீணாவதைப் பற்றி அவள் வெளியிலிருந்து பணிவாக நினைவூட்டினாள்.

4

என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கேஜை, அதாவது இரும்புக் கூண்டை, கயிற்றில் கட்டிப் பூமிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அந்த எஞ்சின்தான். ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் தவறாத கத்தோலிக்கர். ஆனால் ஆயுத பூஜை அன்று எஞ்சினுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பதும் அவர்தான். பூஜை முடியும் வரை கேஜ் இறங்காது. எங்கள் பங்குச் சாமியார் இதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எஞ்சினு இன்னும் ஞானஸ்நானம் வாங்கலீங்க சாமி. வாங்கட்டும், நிறுத்திடறேன்" என்றாராம்.

அப்பாவுக்கு அது மதம் இல்லை. பயம். ஒரு கயிற்றில் இத்தனை ஆட்கள் தொங்குகிறார்கள், அந்தக் கயிறு தன் கையில் இருக்கிறது என்கிற பயம். வருஷத்தில் ஒருநாள் அந்த இயந்திரத்தைத் தொட்டு, கைவிட்டுவிடாதே என்று சொல்லிவைப்பது. எங்கள் ஊரில் யார் எந்த மெஷினை ஓட்டினாலும், இந்துவோ கிறிஸ்தவனோ, அன்றைக்கு அதற்குப் பொட்டு உண்டு. ஏன் என்று கேட்டால் கேட்டவனைத்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

இங்கே வந்ததிலிருந்து வீட்டுச் சைக்கிளுக்கும் மிக்ஸிக்கும் மட்டும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். போன ஆயுத பூஜை அன்று, அந்த மருந்துப் பம்ப்பின் சக்கரங்களுக்கு முதல் தடவையாகக் கரி பூச வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் உடம்புக்குள் போகப்போகிற சக்கரம். காலையில் அப்பாவின் பயம் எனக்கும் வந்துவிட்டது. ஜெயராணியின் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகையையும் குழைத்த சந்தனம் கொஞ்சத்தையும் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். யாரும் வருவதற்கு முன் கலத்தின் கதவில், கைப்பிடிக்குப் பக்கத்தில், கடுகளவு சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்தேன். சுத்தமான அறையில் காகிதம்கூடக் கொண்டுபோகக் கூடாது என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பவனும் நான்தான்.

அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு, கதவை அந்தக் கைப்பிடியைப் பிடித்தே திறந்து, அந்தக் கையாலேயே சக்கரங்களை உள்ளே வைத்தேன். அப்பாவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவருடைய எஞ்சின் ஒரு மூட்டைக் குங்குமத்தைக் கொட்டினாலும் ஓடும்.

5

சில வாரங்கள் கழித்துச் சோதனையில் கரிப்பூச்சு உரிந்தது. மழைக்காலத்தில் வெள்ளையடித்த சுவர் உப்பிப் பெயர்வதைப்போல, சக்கரம் சக்கரமாக. நல்லவேளை, எந்தச் சக்கரமும் எந்த உடம்புக்குள்ளும் போகவில்லை. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இரும்புக்கும் குரோமியத்துக்கும் நடுவில் கால்சியம் இருந்தது. குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு என்றால் கால்சியம்.

ஊரில் நான் வேலை பழகிய பட்டறையில், லேத் மேல் ஸ்பானரை மறந்து வைத்துவிட்டதற்காக ஃபோர்மன் என்னை, என் அப்பாவை, எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளை எல்லாம் வரிசையாகத் திட்டினார். டீ நேரத்தில் தன் பன்னைப் பிய்த்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். அன்றோடு அது முடிந்துபோனது. அந்த நினைப்பில்தான், சரி, திட்டு வாங்கிக்கொள்வோம் என்று மேலதிகாரி டாக்டர் ஹென்னிங்கின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. எழுந்து கதவைச் சாத்தினார். என் சமய நம்பிக்கைகள் மேல் தனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றார். இது என் சமயம் இல்லை, நான் கத்தோலிக்கன் என்றேன். இங்கே உறுப்பினர்களின் சம்பளத்திலிருந்து எடுக்கும் சர்ச் வரியைக் கட்டப் பிடிக்காமல் சர்ச்சையே விட்டு விலகியவர் அவர். பிறகு, ஒரு சக ஊழியரின் பண்பாடு ஒரு தயாரிப்புக் கோளாறுக்குக் காரணம் என்று எழுதுவது இந்த நிறுவனத்தின் விழுமியங்களுக்கு எதிரானது என்றார். பண்பாடு இல்லை, என் கை என்றேன். கையையும் அவர் ஏற்கவில்லை.

அடுத்த வாரம் 'தவறுகளிலிருந்து கற்போம்' என்று ஒரு கூட்டம். வட்டமாக உட்கார்ந்தோம். பச்சை அட்டைகள் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு நல்ல விஷயம் எழுதச் சொன்னார்கள். நாம் காரணத்தைத் தேடுகிறோம், குற்றவாளியை அல்ல என்று டாக்டர் ஹென்னிங் தொடங்கிவைத்தார். நான் கையைத் தூக்கி, காரணம் நான்தான் என்றேன். அவர் கனிவோடு, "இந்த அறையில் யாரும் காரணம் இல்லை" என்றார். எல்லோரும் மேசையை மெல்லத் தட்டினார்கள். இங்கே அது கைதட்டல்.

கால்சியம் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே. எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது. ஜிப்சம் என்றால் கந்தகமும் சேர்ந்து இருக்க வேண்டும், சக்கரத்தில் கந்தகம் இல்லையே என்று நான் முனகினேன். வெற்றிடத்தில் ஆவியாகப் போயிருக்கலாம் என்றார் ஒருவர். அவர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அது நடக்காது என்று என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம். அறிக்கை தயாரானது, கூரை என்று. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். பம்ப் கம்பெனிக்காரர்கள் எங்கள் வெளிப்படைத்தன்மையைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

6

நேற்று மாலை ஜெயராணி புளிச்சோறு செய்திருந்தாள். சாப்பிடும்போது கூரை பிரித்த கதையை நடித்துக் காட்டினேன். டாக்டர் ஹென்னிங் கதவைச் சாத்துவது, பலகைக்கு நடந்த மரியாதை எல்லாம். ஜெயராணி சிரித்துப் புரையேறினாள். கிளாரா சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

அந்த அறிக்கையில் நீயும் கையெழுத்துப் போட்டாயா என்று ஜெர்மனில் கேட்டாள். போட்டேன் என்றேன். முதலில் எதற்குப் பொட்டு வைத்தாய் என்று கேட்டாள். எஞ்சின், கயிறு, அப்பாவின் பயம், அது எனக்கும் வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். இதையெல்லாம் ஏன் இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவில்லை, உன் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் சொல்கிறாய் என்றாள். நீ கேட்கவில்லையே என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

அப்போதுதான் அவளுக்குத் தமிழ் வந்தது. வாரக் கடைசித் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்த தமிழ் இல்லை. நானும் ஜெயராணியும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சமையலறையில் அவள் காதில் விழுந்த தமிழ்.

"நீ இன்னா ஆளுப்பா? ஒரு தபா சொன்னியாம், அவுரு வேணாம்னாராம், நீ உட்டுட்டு வந்துட்டியாம். இப்போ இங்க குந்திக்கினு ஜோக் சொல்ற. எல்லாத்துக்கும் இப்பிடித்தான் நீ. நான் ஹாம்பர்க் போறேன்னப்போ இன்னா சொன்ன? சரிமான்ன. ஏன் போறேன்னு ஒரு வார்த்த கேட்டியா? நான் போறது உனுக்கு ஒண்ணுமே இல்லியா?"

ஜெயராணி பழக்க தோஷத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

நான் காரணம் சொன்னேன். நான் வெளிநாடு கிளம்பியபோது என் அப்பா விடவில்லை. லைன் முழுக்கக் கூடிப் பார்க்கும்படி கத்தினார். என் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்தார். ஏர்போர்ட் வரை அழுதுகொண்டே போனேன். அந்த வலியை உனக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் நான் எதற்கும் குறுக்கே நிற்பதில்லை என்றேன். நியாயமான பதில் என்றுதான் நினைத்தேன்.

"அவுரு சண்ட போட்டாரு," என்றாள் கிளாரா. "அதனாலதான் அவுரு செத்தப்புறங்கூட நீ வருஷா வருஷம் அங்க ஓடற. நீ சரின்னு சொல்லிட்ட. நான் எதுக்கு இங்க திரும்பி வரணும்?"

இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து, ஒரு கீறல் படாமல் வளர்த்தேன் என்று எனக்குப் பெருமை உண்டு. அவளோ நான் அவளை வேண்டாம் என்று விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஜெயராணி என்னையே பார்த்தாள். வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

"போவாதம்மா," என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "போவாத. எனுக்குப் புடிக்கல."

கிளாரா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போவேன்," என்றாள். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏன் புடிக்கல? சொல்லு" என்றாள்.